‘எப்பவாச்சும்’ என்றால் வாரத்துக்கு எத்தனை நாள்?

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி. டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு சீட்டுக்கு வந்தவளுக்காக அந்த மெயில் காத்திருந்தது. ஐரோப்பாவில் அப்போதுதான் காலை நேரம், ஆபீஸ் திறந்த கையோடு அனுப்பியிருக்கிறார்கள். மொத்தமே நாலு வரி. ‘ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாம்பிள் அனுப்புவோம் என்று சொன்னீர்கள். இன்று இங்கே ஃபிட் செஷன். மாடல் வந்து காத்திருக்கிறார். சாம்பிள் எங்கே?’

அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். வயது 23. அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டிரெய்னி மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. மெர்ச்சண்டைசர் என்றால் வெளிநாட்டு பையருக்கும் உள்ளூர் ஃபேக்டரிக்கும் நடுவில் நிற்கிற ஆள். நூல் வாங்குவது தொடங்கி நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், பேக்கிங் என்று கன்டெய்னர் கிளம்புகிற வரை எது எங்கே நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததை இங்கிலீஷில் பையருக்கு எழுதவும் வேண்டும். முதல் பாதி அவளுக்குச் சுலபமாக வந்துவிட்டது. இரண்டாவது பாதிதான் தினமும் வயிற்றைக் கலக்கும்.

பழைய மெயில்களைத் தேடினாள். இரண்டு மாதத்துக்கு முன்பு பையிங் ஆபீஸில், ‘சாம்பிள் எந்த நாளில் அனுப்புவீர்கள்?’ என்று கேட்டிருந்தார்கள். ‘வி வில் சென்ட் சாம்பிள்ஸ் எவ்ரி ஃப்ரைடே’ என்று இவள்தான் பதில் எழுதியிருக்கிறாள். எழுதும்போது மனதில் ஓடியது, ‘வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அனுப்புவோம்ங்க’ என்கிற தமிழ் வாக்கியம். டையிங்கில் ஷேட் சரியாக வரவில்லை என்றால் திங்கள்கிழமை போகும். காம்பாக்டிங்கில் துணி மாட்டிக்கொண்டால் செவ்வாய்க்கிழமைகூட ஆகும். திருப்பூரில் யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால், அந்த மெயிலைப் படித்தவர் திருப்பூர்க்காரர் இல்லையே! வெள்ளிக்கிழமை கூரியரில் போட்டால் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, செவ்வாய்தோறும் ஃபிட் செஷன் வைத்துவிட்டார்.

சீனியர் மெர்ச்சண்டைசர் இரண்டு மெயிலையும் படித்தார். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் அண்ணன். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நீ வழக்கத்தைச் சொன்னேம்மா. அவங்க அதை வாக்கா எடுத்துக்கிட்டாங்க. இதுல பாதித் தப்புதான் உன்னுது.”

“மீதிப் பாதி யாருதுங்கண்ணா?”

“தமிழோடது” என்று சிரித்தார்.

அனுப்புவோம்: வழக்கமா, வாக்கா?

அண்ணன் சிரித்தபடி சொன்னாலும் விஷயம் உண்மை. தமிழில் ‘அனுப்புவோம்’ என்கிற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. ‘நாளைக்கு அனுப்புவோம்’ என்றால் இனி நடக்கப்போவது. ‘வாராவாரம் அனுப்புவோம்’ என்றால் வழக்கமாக நடப்பது. ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’, ‘தாத்தா சாயங்காலம் டீ குடிப்பார்’ எல்லாமே இந்த ரகம்தான். பள்ளிக்கூட இலக்கணம் இதை எதிர்காலம் என்கிறது. கேட்பவர் காதில் இது தினசரிப் பழக்கமாக விழுகிறது. எந்த அர்த்தத்தில் சொன்னார்கள் என்பது இடத்தை வைத்துப் புரிந்துவிடும்.

இங்கிலீஷில் இந்த இரண்டு வேலைக்கும் தனித்தனி ஆள் உண்டு. வழக்கத்தைச் சொல்ல சாதாரண நிகழ்காலம், கூடவே எத்தனை தடவை என்று காட்டும் ஒரு சொல். ‘வில்’ போட்டால், அதிலும் வியாபார மெயிலில் போட்டால், படிப்பவர் அதை வாக்குறுதியாகத்தான் எடுத்துக்கொள்வார். இவள் எழுதியிருக்க வேண்டியது, ‘வி யூஷுவலி சென்ட் சாம்பிள்ஸ் ஆன் ஃப்ரைடேஸ்’. அந்த ‘யூஷுவலி’ இருந்திருந்தால், ‘பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, சில வாரம் தள்ளிப்போகலாம்’ என்பது அதிலேயே அடங்கியிருக்கும். பையரும் மாடலை வரச்சொல்வதற்கு முன்பு ஒரு வார்த்தை கேட்டிருப்பார்.

அன்று சாயங்காலம் மன்னிப்பு மெயில் போனது. சாம்பிள் புதன்கிழமை கிளம்பியது. பிரச்னை அதோடு முடிந்தது. ஆனால், அந்த ஒரு சொல் அவளை விடவில்லை.

ஆறு நாள், ஆறு சொல்

மறுநாள் அண்ணன் ஒரு வேஸ்ட் மார்க்கர் பேப்பரை எடுத்து, திங்கள் முதல் சனி வரை ஆறு கட்டம் போட்டார். திருப்பூரில் வாரம் என்றால் ஆறு நாள். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை.

“ஆறு நாளும் நடந்தா ஆல்வேஸ். அஞ்சு நாள்னா யூஷுவலி. நாலு நாள்னா ஆஃப்டன். ரெண்டு நாள்னா சம்டைம்ஸ். மாசத்துல ஒரு நாள்னா ரேர்லி. நடக்கவே நடக்காதுன்னா நெவர்.”

இலக்கணப் புத்தகங்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் சொல்லித்தருகின்றன. ஆல்வேஸுக்கு நூறு சதவிகிதம், நெவருக்குப் பூஜ்யம், நடுவில் மற்றவை. ஆனால், இது மனதில் பதிய வைப்பதற்கான கணக்குதான். பேச்சில் இந்தச் சொற்கள் இவ்வளவு கறாராக இருப்பதில்லை. அண்ணனே அதற்கு ஓர் உதாரணம் சொன்னார்.

“வாரத்துக்கு ரெண்டு தடவை டீ குடிக்கிற ஆளை என்ன சொல்லுவே?”

“ரேர்லி குடிக்கிறவரு.”

“வாரத்துக்கு ரெண்டு தடவை நிட்டிங் மெஷின் ரிப்பேராச்சுன்னா?”

அவள் யோசித்தாள். “ஆஃப்டன்.”

“ரெண்டுமே ரெண்டு தடவைதான். ஏன் வேற வேற சொல்லு?”

டீ தினமும் குடிப்பது என்று மனது எதிர்பார்க்கிறது, அதனால் இரண்டு குறைச்சல். மெஷின் ரிப்பேரே ஆகாது என்று எதிர்பார்க்கிறது, அதனால் அதே இரண்டு அதிகம். இந்தச் சொற்கள் எண்ணிக்கையை மட்டும் சொல்வதில்லை. சொல்பவர் எதை எதிர்பார்த்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றன. தமிழில் ‘அடிக்கடி’, ‘எப்போதாவது’ என்று சொன்னாலும் இதே கதைதான்.

அவள் அதை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டாள். அது எங்கே போய் நிற்கும் என்று அப்போது தெரியவில்லை.

சொல்லுக்கு ஓர் இடம்

அடுத்த சில வாரங்கள் தான் எழுதிய மெயில்களையே எடுத்துத் திருத்திப் பார்த்தாள். முதலில் கண்ணில் பட்டது, சொல் உட்காரும் இடம். தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்துவிட்டால் போதும், மற்றவை எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். ‘அடிக்கடி அவர் வருவார்’, ‘அவர் அடிக்கடி வருவார்’ இரண்டும் சரிதான். இங்கிலீஷில் அவ்வளவு சுதந்திரம் இல்லை. கழுத்து லேபிளை நடு முதுகில்தான் வைக்க வேண்டும் என்பதைப் போல, இந்தச் சொற்களுக்கும் வழக்கமான இடம் ஒன்று உண்டு.

சாதாரண வினைச்சொல் என்றால் அதற்கு முன்னால்: ‘வி ஆல்வேஸ் செக் தி ஷேட்.’ ஈஸ், ஆர், வாஸ் மாதிரியான சொல் மட்டும் இருந்தால் அதற்குப் பின்னால்: ‘தி ஷேட் ஈஸ் ஆல்வேஸ் செக்கிங்’ என்று அவள் ஒருமுறை எழுதியிருந்தாள், சரியானது ‘தி ஷேட் ஈஸ் ஆல்வேஸ் குட்’. ஹேவ், வில், கேன் மாதிரி துணைச்சொல் கூட வந்தால் அதற்கும் வினைச்சொல்லுக்கும் நடுவில்: ‘வி ஹேவ் ஆல்வேஸ் செக்டு தி ஷேட்.’ சம்டைம்ஸ், யூஷுவலி இரண்டும் வாக்கியத்தின் தொடக்கத்திலும் வரலாம். ஆல்வேஸ் அங்கே சரிப்படாது. ‘வாரத்துக்கு இரண்டு முறை’, ‘ஒவ்வொரு திங்கள்கிழமையும்’ மாதிரியான நீளமான தொடர்கள் பெரும்பாலும் கடைசிக்குப் போகும்.

இடம் சரியாக இருந்தும் வம்பில் மாட்டிவிடுகிற வாக்கியமும் உண்டு. ஒருமுறை பையிங் ஆபீஸுக்கு, ‘யூ ஆர் ஆல்வேஸ் ஆஸ்கிங் ரிப்போர்ட்ஸ்’ என்று எழுதிவிட்டாள். ‘நீங்கள் வழக்கமாகக் கேட்கும் ரிப்போர்ட்’ என்பது அவள் நினைத்த அர்த்தம். ஆல்வேஸோடு இப்படி ‘இங்’ சேர்ந்தால் ‘எப்பப் பாரு நச்சரிச்சுக்கிட்டே இருக்கீங்க’ என்கிற சலிப்பு வந்துவிடும். அது தெரிந்த அன்று மாத்திரை போடாமலே அவளுக்குத் தலைவலி வந்தது.

இரண்டு ‘இல்லை’ சேர்ந்தால்

எல்லாவற்றையும்விட அவளைப் பயமுறுத்தியது நெவர்.

தமிழில் ‘ஒருபோதும்’ என்று ஆரம்பித்தால் ‘இல்லை’ என்றோ ‘மாட்டோம்’ என்றோ முடிக்க வேண்டும். அந்த ‘இல்லை’ இல்லாமல் வாக்கியம் நிற்காது. பீகாரில் இருந்து வந்து பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் பையனிடம் விசாரித்தாள். ஹிந்தியிலும் அப்படித்தானாம். ‘கபி’ தனியாக மறுக்காது, கூடவே ‘நஹீ’ வேண்டும். இங்கிலீஷ் நெவருக்கு அந்தத் துணை தேவையில்லை. இல்லை என்பது அதற்குள்ளேயே இருக்கிறது.

இது தெரியாமல் ஒரு உறுதிமொழிப் படிவத்தின் வரைவில் அவள் எழுதியிருந்த வாக்கியம்: ‘வி டோன்ட் நெவர் எம்ப்ளாய் சில்ட்ரன்.’ குழந்தைகளை ஒருபோதும் வேலைக்கு வைப்பதில்லை என்றுதான் எழுதினாள். பாடப்புத்தக இங்கிலீஷில் படித்தால் இரண்டு மறுப்பும் ஒன்றையொன்று அடித்துவிட்டு, ‘எப்போதாவது வைப்பதுண்டு’ என்கிற பக்கம் சாய்ந்துவிடும். நல்லவேளையாக அண்ணன் பார்த்து, ‘டோன்ட்’டை அடித்துவிட்டார். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் அனுப்புகிற ஊர் இது. குழந்தைத் தொழிலாளர் என்ற பேச்சு வந்தாலே பையர்கள் பின்வாங்குவார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த ஊரின் பேரில் போகிற காகிதத்தில் ஒரு சின்ன ‘டோன்ட்’ எவ்வளவு பெரிய விஷயம்!

போன வருஷத்து டிக்

இப்படியாக அவள் இங்கிலீஷ் கொஞ்சம் தேறிவிட்டது என்று ஆபீஸில் பேர் வந்தது. அந்தப் பேர்தான் அடுத்த சிக்கலையும் கொண்டுவந்தது.

ஆடிட்டுக்கு முன்பாக பையர் ஒரு சுயமதிப்பீட்டுப் படிவம் அனுப்பியிருந்தார். “நீ ஒரு தடவை இங்கிலீஷைப் பார்த்துக் குடுத்துடு. பதிலெல்லாம் போன வருஷத்துதே போதும்” என்று எச்.ஆர். மேடம் அதை அவளிடம் தந்தார். படித்துக்கொண்டே வந்தவள் ஒரு கேள்வியில் நின்றாள். ‘தொழிலாளர்கள் வழக்கமான நேரத்துக்கு மேல் எவ்வளவு அடிக்கடி வேலை செய்கிறார்கள்?’ கீழே ஐந்து கட்டங்கள்: நெவர், ரேர்லி, சம்டைம்ஸ், ஆஃப்டன், ஆல்வேஸ். போன வருஷம் ரேர்லிக்கு டிக் அடித்திருந்தார்கள்.

ஆறு கட்டம் போட்ட மார்க்கர் பேப்பர் ஞாபகம் வந்தது. ரேர்லி என்றால் மாதத்தில் ஒரு நாள். அவள் ஆபீஸை விட்டுக் கிளம்பவே எட்டு மணி ஆகிறது. அப்போது பின்பக்கம் தையல் ஃப்ளோரில் லைட் எரியுமா என்று யோசித்தாள். எரியும். நேற்று எரிந்தது. முந்தாநாளும் எரிந்தது.

இந்தக் கேள்வியை பையர்கள் சும்மா கேட்பதில்லை. 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டம் இதை எண்களில் சொன்னது. நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். வெளிநாட்டு பிராண்டுகள் பார்க்கிற எஸ்.ஏ. 8000 என்ற தரச்சான்றின் 2014-ம் ஆண்டுப் பதிப்பு, ஓவர்டைம் வாரத்துக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தொழிலாளி விருப்பப்பட்டுச் செய்வதாக இருக்க வேண்டும் என்கிறது. கூடவே, ஓவர்டைமை ‘ரெகுலர் பேசிஸில்’ கேட்கக் கூடாது என்றும் சொல்கிறது.

12 ஓர் எண். அதை எண்ணிப் பார்த்துவிடலாம். ரெகுலர் என்பது ஒரு சொல். எத்தனை நாள் நடந்தால் அது ரெகுலர்?

அம்மாவின் சின்ன நோட்டு

அவள் அம்மாவுக்கும் பனியன் கம்பெனி வேலைதான். ஒரு பவர்டேபிள் யூனிட்டில் செக்கிங். தைத்து வரும் பீஸ்களை விரித்துப் பார்த்து, ஓட்டை, ஆயில் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். காலை எட்டரைக்குப் போனால் சாயங்காலம் ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். ராத்திரி வரை நீட்டினால் ஒன்றரை ஷிப்ட். திருப்பூரில் அதை ‘ஒண்ணரை’ என்பார்கள்.

அன்று ராத்திரி அம்மா வந்து சேர ஒன்பதரை ஆனது. தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“ஏம்மா, ஒண்ணரை எப்பெல்லாம் பார்க்கறே?”

“எப்பவாச்சும்தான் அம்மிணி. அவசரம்னா சொல்லுவாங்க.”

“எப்பவாச்சும்னா?”

“எப்பவாச்சும்னா எப்பவாச்சும்தான். இதென்னடி கேள்வி?” தோசையைப் பிட்டபடி அம்மா பழைய கதை ஒன்றைச் சொன்னார். முன்பு ஒரு பெரிய கம்பெனியில் இருந்தபோது ஆடிட்டுக்கு ஆட்கள் வந்தார்களாம். மூன்று பேரைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஓவர்டைம் பற்றி விசாரித்தார்களாம். “நானும் எப்பவாச்சும்ங்கன்னு சொன்னேன். பக்கத்துல இருந்த பொண்ணு அதை இங்கிலீஷ்ல எழுதிக்கிச்சு.”

அந்தப் பெண் எந்தச் சொல்லை எழுதியிருப்பாள்? ரேர்லியா, சம்டைம்ஸா? அவளுக்கு அதுதான் ஓடியது.

சனிக்கிழமை சம்பளத்தில் கணக்கு தவறக் கூடாது என்று அம்மா ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறார். ஒரு ஷிப்ட் பார்த்த நாளுக்கு ‘1’. ஒன்றரை பார்த்த நாளுக்கு ‘1½’. அவள் அதை எடுத்து வந்து அம்மா முன்னால் விரித்தாள். கடைசி நான்கு வாரம். வேலை நாள் 24. விரலை வைத்து ‘1½’-களை எண்ணினாள்.

பதினைந்து.

“தப்பா எண்ணிட்டே. குடு இங்க” என்று அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கி எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். அப்போதும் பதினைந்துதான் வந்தது.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அரை ஷிப்ட் என்பது நாலு மணி நேரம். வாரத்தில் மூன்று நாள் ஒன்றரை பார்த்தாலே 12 மணி நேரம் முடிந்துவிடும். அம்மா பார்த்தது நான்கு வாரத்தில் 60 மணி நேரம். சராசரி, வாரத்துக்கு 15.

“முன்னெல்லாம் சீசன்ல நாள் தவறாம ஒண்ணரை இருக்கும் கண்ணு. நடுராத்திரி தாண்டியும் பார்த்திருக்கோம். அதுக்கு இது எப்பவாச்சும்தானே?” என்றார் அம்மா.

டீயும் மெஷினும் அவள் நினைவுக்கு வந்தன. தினமும் ஒன்றரை என்று பழகிப்போன மனசுக்குப் பதினைந்து நாள் குறைச்சலாகத் தெரிகிறது. அம்மா பொய் சொல்லவில்லை. ஆடிட்டரிடமும் பொய் சொல்லவில்லை. அவர் எதிர்பார்ப்பின் அளவு அது.

“அந்த அரை ஷிப்டு காசுலதான் உனக்கு மூணு வருஷம் பீஸ் கட்டினேன். ஒரேயடியா இல்லாமப் பண்ணீராதீங்க” என்று சொல்லிவிட்டு அம்மா தட்டைக் கழுவப் போனார்.

சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் எண்

மறுநாள் எச்.ஆர். மேடத்திடம், “இதுக்குப் பதில் ரேர்லி இல்லைங்க மேடம்” என்றாள். மேடத்துக்குக் கோபம்தான் வந்தது. “போன வருஷம் ரேர்லின்னு போட்டுட்டு இந்த வருஷம் ஆஃப்டன்னு போட்டா, ஒரு வருஷத்துல நாம கெட்டுப்போயிட்டோம்னு நினைப்பாங்க. இங்கிலீஷைப் பார்க்கத்தானே சொன்னேன்?”

“இங்கிலீஷைத்தாங்க மேடம் பார்த்தேன்” என்றாள் அவள். குரல் நடுங்கியது.

அண்ணன்தான் நடுவில் வந்தார். ஆடிட்டர் படிவத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் இல்லை. பஞ்ச் ரெக்கார்டைக் கேட்பார், சம்பளப் பதிவேட்டைப் புரட்டுவார், தொழிலாளர்களிடம் பேசுவார். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். “ஓவர்டைம் நடந்ததுன்னா அதைப் பேசித் தீர்க்கலாம் மேடம். காகிதத்துல ஒண்ணு, கணக்குல ஒண்ணுன்னா அப்புறம் நாம எதைச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க.”

டைம் ஆபீஸிலிருந்து கணக்கு வந்தது. சாதாரண மாதங்களில் ஒரு லைனுக்கு வாரம் இரண்டு நாள். ஷிப்மென்ட் மாதங்களில் நான்கு நாள். அண்ணன் அதோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார். நான்கு நாள் ஓடிய மாதங்களில், பையர் எந்தத் தேதியில் சாம்பிளுக்கு அப்ரூவல் தந்தார் என்கிற விவரம். அப்ரூவல் இரண்டு வாரம் தள்ளிப்போயிருந்தது. ஷிப்மென்ட் தேதி மட்டும் நகரவில்லை. அந்த இரண்டு வாரத்தைத்தான் தையல் ஃப்ளோரில் ராத்திரிகளாகப் பார்த்து முடித்திருந்தார்கள்.

கடைசியில் சம்டைம்ஸ் கட்டத்தில் டிக் விழுந்தது. பக்கத்தில் இருந்த குறிப்பு இடத்தில் அவள் எழுதினாள்: வழக்கமான மாதங்களில் வாரத்துக்கு இரண்டு நாள், ஷிப்மென்ட் மாதங்களில் ‘ஆஃப்டன்’, வாரத்துக்கு நான்கு நாள். கீழே தேதிகள். முதலாளி கையெழுத்துப் போடுவதற்கு முன்பு அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். “ஆர்டர் போயிடாதே?” என்று கேட்டார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

பையரிடமிருந்து இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஷிப்மென்ட் மாதத்து நான்கு நாளைக் குறைக்க ஒரு திட்டம் கேட்டிருந்தார்கள். அப்ரூவல் தாமதத்தைப் பற்றித் தனியாகப் பேசலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அந்தப் பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆர்டர் போகவில்லை.

இப்போதெல்லாம் மெயில் எழுதும்போது, ஆல்வேஸ் என்று விரல் போனால் அவள் ஒரு நிமிடம் நிறுத்துகிறாள். ஆறில் ஆறா என்று கேட்டுக்கொள்கிறாள். இல்லை என்றால் யூஷுவலி. அதுவும் இல்லை என்றால் எண்ணைப் போட்டுவிடுகிறாள்.

போன வியாழக்கிழமை ராத்திரி அம்மாவின் செல்போன் அடித்தது. யூனிட் சூப்பர்வைசர். “சரிங்க… சரிங்க…” என்று பேசிவிட்டு அம்மா போனை வைத்தார்.

“நாளைக்கும் ஒண்ணரையாம்மா?”

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. ஷெல்ஃபிலிருந்து சின்ன நோட்டை எடுத்துப் புரட்டினார்.

“இந்த வாரத்துல மூணு ஆயிருச்சு. நாளைக்குப் போனா நாலு” என்றார். “போகத்தான் போறேன். ஆனா, நாலாவதுன்னு அவங்ககிட்டயும் சொல்லிட்டேதான் வேலையில உக்காருவேன்.”